இரவுப் பிரட்டு

பத்தே கால். தலவாக்கலைக் காரியாலயத்தில்
நானும் சர்வரின் விசிறிச் சத்தமும்தான்.
பதினொன்றுக்கு அதை நிறுத்த வேண்டும்.
கொழும்பு எழுதியிருந்தது:
‘எல்லோரும் வெளியேறியதை உறுதிசெய்த பிறகு.’

பட்டியலைக் கேட்டேன்.
உள்ளே ஒன்பது பேர்.
ஒன்பது பேருக்கும் ஒரே பெயர்:
ஒஃபிஸ்.

கடவுச்சொல்லும் ஒன்றுதான். ஏழு தோட்டங்களிலும்
வங்கிக் கலண்டரின் முதுகில் எழுதி
ஆணியில் தொங்குகிறது.
ஆளுக்கொரு பெயர் கொடுங்கள் என்று
மூன்று தடவை எழுதிக் கேட்டேன்.
பெயர் கூடினால் லைசன்ஸ் காசும் கூடுமாம்.

சரி, பெயர் வேண்டாம்.
எந்த எந்திரம் என்று இலக்கத்தைப் பிடித்துப் போனேன்.
காலைப் பிரட்டில் பேர் கூப்பிடுவார்கள், ஆள் ஓம் என்பார்.
இங்கே இலக்கம் கூப்பிட வேண்டும்,
ஃபோனில்.

மோர்வன் தோட்டம், மூன்று தொடர்பு.
புண்ணியசீலன் தூக்கத்தில் எடுத்தான்.
‘ஐயோ மிஸ், ஒன்று தொங்கிச்சு, இன்னொன்று திறந்தேன்,
அதுவும் தொங்கிச்சு...’
மூன்றையும் வெட்டினேன்.

கொட்டியாமலை, இரண்டு.
காவல்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
‘ஆள் இல்லைங்க. பெட்டிக்குள்ள மீன் நீந்துது.
பிளக்கைப் புடுங்கவா?’
வேண்டாம், மீனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு, கொழுந்துத் தராசுகள்.
அவற்றுக்கு வீடில்லை, மன்னிப்புக் கேட்கவும் தெரியாது.

ஒன்றை அடையாளம் காணத்தான் நேரம் போனது.
எட்டாவது வரி. இலக்கம் பழகியதாக இருந்தது.
அது நான்.

மிச்சம், தொடர்பு நாற்பத்தொன்று.
சின்னக்காட்டுப் பிரிவு.
நிலை: தூக்கம். ஐயாயிரத்து இருநூற்றாறு விநாடி.
தூங்கிக்கொண்டே
செக்ரோலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.
பூட்டைத் திறக்காத தூக்கம்.

கடைசியாக என்ன தட்டியது என்று பார்த்தேன்.
பதினான்காம் திகதி. பெண்கள், முப்பத்தேழு.
அரையை ஒன்றாக்கு.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பதினான்காம் திகதி ஐந்தாம் நம்பர் மலையில்
குளவி கலைந்தது. பத்து மணிக்கு
லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.
வீங்கிய முகங்களுக்கு அரைப் பேர் போட்டார்கள்.

யாரோ அதை முழுப் பேராக்கியிருக்கிறார்.
ஆனால் உறுதி என்ற ஒரு சொல்லைத் தட்டவில்லை.
தட்டாதவரை அது நடக்கவில்லை.
நான் வெட்டினால்
முப்பத்தேழும் திரும்ப அரை.

நான்காம் முறை ஃபோனை எடுத்தார்கள்.
தகரத்தில் மழை. ஒரு மூச்சு.
‘யார் பேசுறது?’ என்றேன். வைத்துவிட்டார்கள்.

திகதிக்கு நடுவே புள்ளி வைப்பது அங்கே ஒருத்திதான்.
மற்றவர்கள் கோடு போடுவார்கள்.
அவளது பேரை மனதுக்குள்ளும் நான் சொல்லவில்லை.
பயந்தாளா, பெரிய கிளாக்கர் வந்தாரா,
இல்லை, கையெழுத்துப் போடாத கடுதாசிபோல
வேண்டுமென்றே விட்டுவைத்தாளா,
தெரியவில்லை.

பத்து ஐம்பத்திரண்டு.
கொல், நாற்பத்தொன்று.
பட்டியலில் அந்த வரி மறைந்தது.
முப்பத்தேழு அரையும் தம் கட்டங்களில் போய் உட்கார்ந்தன.

பிறகு அதே வாக்கியத்தை
எழுத்துக்கு எழுத்து நான் தட்டினேன்.
திகதிக்குக் கோடு போட்டேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, குளிர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
உறுதி.

இது என் வேலையில்லை. தெரியும்.
நாளை யாராவது தோண்டினால் பதிவு சொல்லும்:
திருத்தியவர், ஒஃபிஸ்.
மூன்று கடிதம் எழுதி ஒழிக்கப் பார்த்த பெயர்.

பத்து ஐம்பத்தெட்டு.
நிறுத்துமுன் மறுபடி கேட்டேன், உள்ளே யார்?
ஒருவர்.
கொழும்புக்கு எழுதினேன்: ‘எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்.’
பொத்தானை அழுத்தினேன்.
விசிறி நிற்க வெகு நேரம் எடுத்தது.