பூஜ்யம் என்றால் உன் இஷ்டம்

கிளைப்பெடாத் துறைமுகம். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
சுங்க அறிக்கைகள் வில்னியுஸ் போய்ச் சேரவில்லை என்று
இருபத்தோரு லாரிகள் வாயிலில் உறுமுகின்றன.
எஞ்சினை அணைத்தால் டீசல் உறைந்துவிடும்.

பூட்டில்லாத இணைப்புகள் போகின்றன.
பூட்டியவை மட்டும்
ப்ராக்ஸி வரை வந்து, புறப்பட்டு,
அப்புறம் தகவலே இல்லை.
ஃபயர்வாலைக் கேட்டேன், அதாவது
தூங்கிக்கொண்டிருந்த கின்டவுடஸை.
"ஐம்பதாயிரத்திலிருந்து ஆயிரம் போர்ட்.
அதில் கிளம்பி வந்தால் விடுவேன்.
மற்றதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளையோ."
நானும் அதையேதான் எழுதி வைத்திருக்கிறேன்,
நூற்றுப்பதினேழாம் வரியில்,
ஒரு புள்ளி பிசகாமல்.

பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
நாற்பத்தோராயிரத்து ஆறு.
முப்பத்துமூவாயிரத்துச் சொச்சம்.
சோழி உருட்டுகிறான் எவனோ உள்ளே.

இரண்டே முக்காலுக்கு ஒன்று போய்விட்டது.
நான் எதையும் தொடவில்லை.
ஐம்பதாயிரத்து எழுபத்திரண்டு:
சோழி தானாகவே கட்டத்தில் விழுந்திருக்கிறது.
கணக்குப் போட்டால், இருபத்தெட்டுக்கு ஒருமுறை விழும்.
ஓட்டுநர் ஜிக்மன்டஸ் பனியோடு படியேறி வந்தார்.
என் அட்டையை எழுத்துக்கூட்டி,
"ஸ்கிர்மந்தே, நீங்கள்தானா" என்று
செய்தித்தாளில் சுற்றிய புகைமீனை
கீபோர்டு பக்கத்தில் வைத்தார்.
இல்லை என்று எப்படிச் சொல்வது.
போய் வாருங்கள் என்றேன்.

விரலில் மீனெண்ணெயோடு
மூலநிரலைத் திறந்தேன்.
பூட்டில்லாத பாதை என் வரியைப் படிக்கிறது.
பூட்டிய பாதையில், யார் அவசரமோ,
போர்ட் எண் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பூஜ்யம்.

கெர்னலிடம் பூஜ்யம் என்றால்
ஒன்றுமில்லை என்று பொருளல்ல.
உன் இஷ்டம்
என்று பொருள்.
அதுவும் அப்படியே செய்திருக்கிறது, பாவம்.

அந்தப் பூஜ்யத்தில் கை வைக்க எனக்கு அதிகாரமில்லை.
இஷ்டத்தைத்தான் சுருக்க முடிந்தது:
ஐம்பதாயிரத்தில் தொடங்கு, ஆயிரத்தோடு நில்.
போக வேறு இடமில்லாதபோது
சொன்னபடி கேட்கிறது.

லாரிகள் ஒவ்வொன்றாய்ச் சத்தம் மாற்றுகின்றன.

மூடிய போர்ட் ஒரு நிமிடம் சும்மா நிற்கும்,
வழியில் தாமதித்த ஏதாவது வந்துவிடுமோ என்று.
அது போகும்வரை அடுத்தவருக்கு இடமில்லை.
காலைக் கூட்டத்துக்கு ஆயிரம் போதாது.
அதை எட்டு மணிக்குக் கின்டவுடஸிடம் சொல்லிக்கொள்ளலாம்.
தூங்கட்டும்.

மீன் ருசிதான். முள் அதிகம்.