எதிராளி மெதுவாகப் பேசினால்

கீழக்கரையில் தொதல் கடைக்கு மேலே மாடி.
ஏழு நாற்காலி, உப்புக்காற்று தின்ற ஒரு மின்விசிறி,
பலகையில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள்
வரைந்து வைத்திருக்கிறார் முதலாளி.
உச்சிப்படியில் விமானம்.
கீழ்ப்படியில் ஒன்றுமில்லை.

மர்ஜானா வந்தது அசருக்குப் பிறகு.
கையில் பாஸ்போர்ட், உறை இன்னும் வழவழப்பு.
"லெஸ்டருக்குப் போகணும் டீச்சர்.
எந்தப் பரீட்சை?"

என் வேலை இதுதான்.
நர்ஸ் என்றால் ஒன்று, கப்பலுக்கு ஒன்று,
படிக்கப் போனால் ஒன்று,
மாப்பிள்ளை அங்கே இருந்தால்
இருப்பதிலேயே சின்னது:
பேசவும் கேட்கவும் மட்டும், பேனா வேண்டாம்.
பெரியதில் சேர்த்துவிட்டால் எனக்குக் கமிஷன் உண்டு.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சோதனைத் தாள் கொடுப்போம்.
நாற்பது கேள்வி. முப்பத்தாறு சரி.
தவறிய நாலில் ஒன்றுக்கு
விடைக்குறிப்பே தப்பு என்று வாதாடினாள்.
பார்த்தேன். தப்புதான்.
மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை.

"உனக்கு பி2 வரும். வேண்டியது ஏ1."

"ஏ1னா என்ன?"
தமிழாக்கி வாசித்தேன்:
தன் பெயர் சொல்வார். வீடு எங்கே என்பார்.
தெரிந்த பொருளைக் கேட்டு வாங்குவார்.
எதிராளி மெதுவாக, தெளிவாகப் பேசினால்
பதில் சொல்வார்.

முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.
"மச்சான் மெதுவாப் பேசுற ஆள் இல்ல டீச்சர்.
அங்கேயே பொறந்தவுக.
தமிழ்தான் அவுகளுக்கு ஏ1.
சாப்ட்டியா, வெயில், சரி, உம்மா கூப்புடுறாங்க.
நான் மெதுவா, தெளிவாப் பேசுனா
பதில் சொல்லுவாக."

நிக்காஹ் முடிந்து பதினெட்டு நாள் இருந்தாராம்.
விருந்துக்கே நாள் போதவில்லை.
ஒரு சண்டைகூடப் போடவில்லை.
"சண்டை போடாம ஆள எப்படித் தெரியும்?
எந்தப் படியில டீச்சர் சண்டை வரும்?"

பலகையைப் பார்த்தேன்.
பி1இல் கருத்துச் சொல்லலாம்.
பி2இல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், காரணத்தோடு.
சி1இல் குரல் உயராமல் கோபப்படலாம்.
சி2 எனக்குத் தெரியாது.
நானே மூன்று முறை எழுதி
எழுத்துப் பிரிவில் ஆறரையில் நிற்கிறவள்.
ஏழு கேட்ட கல்லூரி
பிறகு கேட்பதை விட்டுவிட்டது.
முத்துப்பேட்டையில் என் வீட்டுக்கே தெரியாத மதிப்பெண் அது,
அவளிடம் ஏன் சொன்னேனோ.

கரண்ட் போனது.
கீழே தொதல் கிண்டும் கரண்டி
அண்டாவின் அடியை உரசியது தனியாகக் கேட்டது.

"விசாவுக்குச் சின்னதைக் கட்டு,"
இருட்டில் சொல்வது சுலபமாக இருந்தது.
"அந்த ஆபீஸில் இருப்பவருக்கு
உனக்கு எவ்வளவு தெரியும் என்பது வேண்டாம்.
ஒரு தாள் வேண்டும். அவர் கேட்ட தாள்."

"அப்ப பி2?"
"அதுக்குப் பரீட்சை எதற்கு? ஆறு மணிக்கு வா.
நர்ஸ் பிள்ளைகள் ரெண்டு பேர் விவாதம் பழகுகிறார்கள்.
ஒருத்தி எதற்கெடுத்தாலும் விட்டுக்கொடுக்கிறாள்.
அவளைக் கொஞ்சம் கெடு."

ஒரு மாதம் வந்தாள்.
ஜெட்டிப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா
என்பது முதல் விவாதம்.
இரண்டு பக்கமும் அவளே பேசி
இரண்டிலும் ஜெயித்தாள்.
முதலாளி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி
என்னைப் பார்த்தார்.
அந்த மாதம் நான் ஜன்னலைப் பார்த்தே கழித்தேன்.

பிறகு வாப்பாவோடு சேது எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கு.
மறுநாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் குரல்,
பின்னால் ஆட்டோ சத்தம்:

"பாஸாயிருவேன் டீச்சர்.
அந்தம்மா ரொம்ப மெதுவாப் பேசுனாக,
பாவமா இருந்துச்சு, நானும் மெதுவாவே சொன்னேன்.
மார்க்கெட்ல என்ன வாங்குவீங்கன்னாக.
மீன்னேன்.
எந்த மீனுன்னு கேப்பாகன்னு
ஊளி, பாறை, நகரை எல்லாத்துக்கும்
இங்கிலீஷ் படிச்சிட்டுப் போயிருந்தேன்.

கேக்கல."