பன்னிரண்டு நிமிடம்

ஓசூர் விடுதியில் ஆறு மணிக்குமேல்
மொட்டைமாடிக்குப் பூட்டு.
சாவி நாகவேணியின் ஜாக்கெட்டுக்குள்.

பகலெல்லாம் யாருக்கோ போன் பூட்டும் விரல்கள்
திரைச்சீலைக் கம்பி இரண்டைப் பற்றவைத்தன.
நீளம்: என் முழமும் அரைச்சாணும்.

தெற்கே முளைத்து வடக்கே போகிறது அது,
யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல்.
இரைச்சலுக்குள் டிக் டிக்.
ஷகிலாவின் லேப்டாப்பில் வரிவரியாய்
இலங்கை, கடல்,
டெல்டாவின் மேல் தடித்த மேகம்.

ஓசூர் வரவேண்டிய இடத்தில்
வெறும் புள்ளிகள், ஒரு பட்டை.
"கெட்டுப்போச்சு, வெட்டிடு."

வெட்டவில்லை.
வார்டன் டார்ச் அடித்தபோது
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கம்பியோடு நான் குனிந்த
இருபது நொடி அது.

பி ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கேட்டார்கள்:
நாளைக்கு மழையா?
தெரியல,
நம்ம ஊர்மேல நான் நிக்கிறேன்.