கைண்ட்லி

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு இருபது.
பழைய சோனகத் தெருவில் நாட்டாமிகள்
வண்டில்களைச் சாய்த்துவிட்டுச்
சோற்றுப் பார்சல் பிரிக்கிற நேரம்.
இரும்புக் கடையின் மேல்மாடி.
தகரத்தில் வெயில், நான், ஒரு மின்விசிறி.

முதலாளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல்.

குவாங்சோ பிணைச்சல்காரருக்கு வங்கி மாறிவிட்டதாம்.
பதினெட்டு இலட்சம், இன்றைக்கே, இரண்டு மணிக்கு முன்.
மீட்டிங்கில் இருக்கிறேன், கோல் எடுக்க வேண்டாம்.
கைண்ட்லி.

இன்வொய்ஸ் இலக்கம் சரி.
தொகை சதம் வரைக்கும் சரி.
புதுக் கணக்கை அடித்து
பூச்சியங்களையும் அடித்துக்கொண்டு போனேன்.
ஐந்தாவதற்கு முன்னால் விரல் நின்றது.

கைண்ட்லியா?
பதினொரு வருஷத்தில் மிஹ்லார் ஹாஜியார் வாயிலிருந்து
"ஏ புள்ள, காச அனுப்பினியா, இல்ல நான் வந்து அனுப்பணுமா?"
இதற்குமேல் ஒரு மரியாதை நான் கேட்டதில்லை.
ஐபோனிலிருந்து அனுப்பியதாம்.
அவருடைய போன்
றப்பர் பட்டி போட்டுக் கட்டியது.
ஜும்மா நேரத்தில் மீட்டிங்காம்.
யாரோடு?

முகவரியைக் கண்ணருகே இழுத்தேன்.
கடைப் பெயரில் ஆங்கிலத்து எம் இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் ஆரும் ஓர் என்னும்,
நூறாம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் இரண்டு பேர் போல
ஒட்டிக்கொண்டு
ஒரே டிக்கட்டில் போகின்றன.

ஒன்றரைக்குத் தொப்பியோடு படியேறி வந்தார்.
காட்டினேன். கண்ணாடி தேடி, வாசித்து,
"நானா இப்படி எழுதுவன்?" என்று
எழுதினவனை விட்டுவிட்டு என்னை ஏசினார்.
அந்த ஏச்சில் ஓர் எழுத்துக்கூடப் போலி இல்லை.
பிறகு, "சோறு தின்டியா?"

தின்னவில்லை.

இன்வொய்ஸ் இலக்கம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று
அவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை
துறைமுகத்தில் உங்கள் பொதி தேங்கி நிற்கிறது,
இங்கே தொடுங்கள் என்று ஒன்று வந்தது.
தொட்டேன்.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
பக்கம் கொஞ்சநேரம் வெள்ளையாய் நின்று
தானாய் மூடிக்கொண்டது.
நெட் ஸ்லோ என்று நினைத்துப் பிளேன்டீ குடித்தேன்.
பின்னேரம் ஆகும்போது நெட்டில் பிழை இல்லை என்று தெரியும்.
ஒருவரிடமும் சொல்லவில்லை.

செருப்புச் சத்தம் படியிறங்குகிறது.
"ஹாஜியார்" என்று கூப்பிட்டேன்.
குரலில் வழமையைவிட மரியாதை கூட.

அரைப்படியில் நின்று
திரும்பிப் பார்த்தார்.