ஒன்று புள்ளி ஒன்பது

காலை ஐந்துக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே
டிராஹோமிரா நிற்பாள்,
தன்னைவிட ஏழு வயது மூத்த ஜாவாவின் மேல்
ஒரு கையை வைத்தபடி.
பெட்ரோல் வேண்டாம். காற்று.
பின்சக்கரத்தில் குழாயை வைத்தால்
முள் ஒன்று புள்ளி ஏழில் நிற்கும்.
"மறுபடியும் இறக்கியிருக்கிறார்" என்பாள்,
என்னிடமா வண்டியிடமா, தெரியாது.
புள்ளி இரண்டு ஏற்றிக்கொண்டு
யெசெனிக் மலைப் பாதையில் நாற்பது கிலோமீட்டர்,
காகித ஆலைக்கு.

இரவு பத்தே முக்கால்,
நான் விளக்கை அணைக்கப் போகும் நேரம்,
அதே வண்டியில் ஹினெக்.
மழைத்துளிகள் இன்ஜினில் பட்டுச் சுரீரென்று காணாமல் போகும்.
முள் இரண்டு புள்ளி ஒன்று காட்டும்.
"அவளுக்கு எல்லாம் அதிகம்தான்."
வால்வை அழுத்துவான்.
உஸ்.
புள்ளி இரண்டு என் கொட்டகை இருட்டுக்குள் போய்விடும்.

நடுவில், பகல் இரண்டு மணிக்கு
ஆலை வாசலில் சாவி கைமாறும்.
அவள் பேருந்துக்கு ஓட,
அவன் ஷிப்டுக்கு ஓட,
"ஆயில் பார்த்தாயா" என்பதற்கு மட்டும் நேரம் இருக்கும்.

அந்த எண் இருவரும் சேர்ந்து தேர்ந்தது.
என் மேஜையில்தான் நடந்தது.
கையேடு ஒன்றே முக்கால் என்றது;
ஆனால் அது சொன்ன டயர் இப்போது யாரிடமும் இல்லை.
புது டயரின் விலாவில் இரண்டு புள்ளி எட்டு.
அது தாங்கும் எல்லை, கேட்கும் அளவல்ல என்றேன்.
கல் பாவிய தெருவில் ஹினெக் ஓட்டிப் பார்த்தான்:
இரண்டே காலில் பல் ஆடியது.
தேவாலய வளைவில் அவள் ஓட்டிப் பார்த்தாள்:
ஒன்றரையில் பின்பக்கம் களியாய்க் குழைந்தது.
மூன்று ஞாயிறு.
பேரம் ஒன்று புள்ளி ஒன்பதில் படிந்தது.
கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்கள்,
கையெழுத்துப் போடாத குறை.

ஆக, இருவரும் தேடுவது ஒரே எண்.
அவள் குளிர்ந்த டயரில்,
அவன் ஓடிச் சூடேறிய டயரில்.
இதை நான் சொல்லியிருக்கலாம்.
ஏப்ரலில் சொல்லவில்லை.
காற்றுக்கு நான் காசு வாங்குவதில்லை;
ஆனால் அவள் ஒரு காபி குடிப்பாள்,
அவன் கடுகு தடவி ஒரு சாஸேஜ்.
பொய் சொல்வானேன், அதுவும் ஒரு காரணம்.

மே நடுவில் ஒரு காலை
முள் சரியாக ஒன்று புள்ளி ஒன்பதில் நின்றது.
முந்தைய இரவு பதினொன்றரை வரை
நான் விளக்கை எரியவிட்டிருந்தேன்.
அவள் ஏற்றவில்லை, இறக்கவில்லை.
குழாயைத் திருப்பி மாட்டினாள்.
காபி ஆடை படிந்து கிடந்தது.

ஜூன் முதல் ஞாயிறு
இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.
எனக்கு உறுத்தியது. எல்லாவற்றையும் கொட்டினேன்:
சூடு, விரிவு, கிளம்பும் முன்தான் அளக்க வேண்டும்,
ஓடி வந்த டயரை நம்பக் கூடாது.
டிராஹோமிரா சிரித்தாள்.
"எனக்கா சொல்கிறீர்கள்?
பத்து வருஷமாக ஆலையில் நீராவி அழுத்தம் பார்க்கிறேன்."
பிறகு சிரிக்காமல்,
"குறைந்திருந்தால் இவர் வந்தார்.
அவ்வளவுதான் நான் பார்த்தது."

ஹினெக் ஒன்றும் சொல்லவில்லை.
வால்வு மூடியைக் கழற்றப் பார்த்தான், விரல் வழுக்கியது.
அவள் கழற்றித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.
கையேட்டில் இரண்டு பேருக்கென்று ஒரு வரி உண்டு;
அதன் ஓரத்தில் பென்சில் பட்டதே இல்லை.
"எவ்வளவு?" என்றான்,
என்னைப் பார்க்காமல்.
அவள் சீட்டில் கனமாய் உட்கார்ந்து
டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று குனிந்து பார்த்தாள்.
"ஏற்று" என்றாள். "போதும் என்றால் சொல்கிறேன்."

கம்ப்ரசர் உறுமியது.
முதல் தடவையாக அவன் காற்று ஏற்றுவதைப் பார்த்தேன்.

என் முள் எப்போதுமே புள்ளி ஒன்று கூட்டித்தான் காட்டும்.
அதை அன்றைக்கும் சொல்லவில்லை.