இருபது லிட்டர்

கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர்,
கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி.
முருகேஷ்பாளையத்தில், மூன்றாம் மாடியில்,
துணி மடிக்கிற மேசையில்
கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன்
கடலுக்கு.

சிவாஜிநகர் நயாஸ் கடையில்
தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தபோது கேட்டேன்,
'சின்னதுன்னா சுலபம்தானே?'
'சின்னதுதாம்மா கஷ்டம்.
பெரிய தண்ணி தப்பைப் பொறுத்துக்கும்.'
வழியெல்லாம் பள்ளம்.
ஆட்டோ குலுங்கும்போதெல்லாம்
மடியில் டொங்கென்றது காலிக் கண்ணாடி.

எங்கள் குழாயில்
செவ்வாயும் வெள்ளியும் காவிரி.
மற்ற நாள் போர்வெல்,
பக்கெட்டில் வெள்ளை வளையம் விட்டுப் போகும்.
காவிரியைப் பிடித்தேன்.
வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக
அது கடந்துவந்த ஊரையெல்லாம் கழற்றி
மீட்டர் சைபர் காட்டியதும்
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
பூம்புகார் போகவேண்டிய தண்ணீர்
வழக்கு வாய்தா எதுவுமில்லாமல்
என் நீலப் பக்கெட்டிலேயே
கடல் சேர்ந்தது.

உப்பை அளப்பது எனக்குப் புதிதில்லை.
பகலெல்லாம் டயாலிசிஸ் பிரிவில்
ஆட்களின் ரத்தத்துக்கு அதைத்தான் செய்கிறேன்.
நாலாம் படுக்கை பக்தவத்சலு
எச்.ஏ.எல்லில் ரிவெட் அடித்தவர்.
நாளைக்கு ஒரு லிட்டர்தான் அவருக்கு,
ரசம், மோர், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து.
'எத்தனை லிட்டர் புடிக்கும் உன் தொட்டி?'
'இருபது.'
கண்ணை மூடி வகுத்தார்.
'எனக்கு இருபது நாளைக்கு.'

கல்லை அடுக்கினேன். மணலைப் பரப்பினேன்.
பால்போல் கலங்கி, இரண்டு நாளில் தெளிந்தது.
அப்புறம் செய்ய ஒன்றுமில்லை.
கண்ணுக்குத் தெரியாதவை முதலில் குடிவர வேண்டும்.
சோதனைக்குழாய் பச்சை காட்டினால் இன்னும் விஷம்,
மஞ்சளானால் தேவலாம்.
பச்சை. பச்சை. பச்சை.
பார்க்க வந்த ஜெசிந்தா
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
'மீன் எங்கடி?'
'இன்னும் இல்ல.'
'அப்ப தினம் எதைப் பார்த்துட்டு இருக்கே?'

மூன்றாம் வாரம்
டீத்தூள் கொட்டியதுபோல்
கல், மணல், கண்ணாடி எங்கும் பழுப்பு.
எல்லாம் போச்சு என்று படம் எடுத்து அனுப்பினேன்.
நயாஸ் பதில் போட்டார்:
'நல்ல சகுனம். கை வைக்காதீங்க.'

ஒரு ராத்திரி மழைக்குக் கரண்ட் போனது.
மோட்டார் நின்றதும்
தொட்டி வெறும் தொட்டியாகிவிட்டது.
எவர்சில்வர் டம்ளரால் முகந்து
உயரத் தூக்கி ஊற்றி, முகந்து ஊற்றி
விடிகாலை மூன்று மணிவரை
நானே அலை.

காய்வது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கேயும் போவதில்லை.
இது தெரியாமல், குறைந்த இடத்தை
உப்புத்தண்ணீராலேயே நிரப்பி நிரப்பி
முப்பத்தொன்பதில் போய் நின்றிருந்தேன்.
இப்போது காலையில்
நல்ல தண்ணீர் அரை டம்ளர், அவ்வளவுதான்.
பக்தவத்சலுவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.
வீங்கிய கணுக்காலைத் தானே அமுக்கிக் காட்டினார்.
விரல் எடுத்த பிறகும்
பள்ளம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை
ஊசி ஏற்றும்போது கேட்டார்,
'மீன் விட்டாச்சா?'
'இல்ல. ஆனா கல்லுக்குள்ளேர்ந்து
என்னமோ ஒண்ணு வந்திருக்கு.
காசு கொடுத்து வாங்கல. தானா வந்தது.'
போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
நகக்கண் அளவுக் குழல்,
நுனியில் விரிந்த விசிறி.
'விரலை நீட்டினா உள்ள போயிடுது.
கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா வெளிய வரும்.'
'என்ன திங்கும்?'
'ஒண்ணும் போட வேணாம்.
நாளெல்லாம் தண்ணிய வடிகட்டித்தான்
பொழைக்குது.'

தலையைத் திருப்பி
பக்கத்தில் சுழலும் இயந்திரத்தை,
சிவந்த குழாய்களை, ஒருமுறை பார்த்தார்.
'நம்ம ஆளு' என்றார்.