மூன்று மழை எண்ணு

செருப்புத் தொழிற்சாலை மூடிய வருடம்
கையில் கொடுத்த பணத்துக்கு வாங்கிய கால் ஏக்கர்.
உம்சிண்டோவிலிருந்து மேலேறும் செம்மண் சாலையில்
கரும்பு முடிகிற இடம்.
இருபத்தாறு வருடம் தோல் வெட்டிய கைக்கு
மண் வெட்டத் தெரியாதென்று
முதல் வாரமே தெரிந்துபோனது.

ஆடிப்பட்டம் தேடி விதை.
அது ஒன்றுதான் தெரியும்.
தேடித்தான் விதைத்தேன்.
இங்கே ஆடி என்பது
பேசினால் வாயில் புகை வரும் மாதம்,
வானம் ஒரு துளிக்கும் வாக்குக் கொடுக்காத மாதம்.
எறும்பு கொண்டுபோனது போக
மிச்ச அவரை விதை
போட்டது போட்டபடி கிடந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தோளாகெலே,
ஆஸ்பத்திரி இரவு வேலை முடித்து
சீருடை மாற்றாமல் நின்று பார்த்தாள்.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
"ஜூலையில் போடச் சொன்னது யார்?"
பழமொழி என்றேன்.
"கப்பலில் வந்ததா?
அப்படியென்றால் வழியில் தலைகீழாகியிருக்கும்.
முதல் இடி கேட்கட்டும்.
அப்புறம் மூன்று மழை எண்ணு."

அக்டோபரில் இடித்தது.
எண்ணினேன்.

இப்போது மார்கழி, வேர்த்து ஊற்றுகிறது.
ஐந்து மணிக்கே வெயில் வந்து கதவைத் தட்டுகிறது.
பீன்ஸ் பாத்தியில் பிடுங்கிய களையைக்
குவித்து வைத்திருந்தேன்.
தோளாகெலே ஒரு கொத்தை உதறி
"இம்பூயாவையா குப்பையில் போடுகிறாய்?" என்றாள்.
குனிந்து பார்த்தேன்.
முளைக்கீரை.
சனிக்கிழமைச் சந்தையில்
பத்து ராண்டை எட்டாக்க
நான் மல்லுக்கு நிற்கும் அதே கீரை.
அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அதுதான்,
அவளுக்குச் சோளக் களியோடு,
எனக்குப் பருப்பில், காய்ந்த மிளகாய் தாளித்து.

குரங்குப் பாடம் எடுத்தது அவள் மகன் சிஹ்லே,
மூன்றாம் வகுப்பு.
பப்பாளி மஞ்சள் காட்டும் முன்பே
குடும்பத்தோடு வந்துவிடும்.
தகரம் தட்டினேன். உட்கார்ந்து கேட்டன.
"ரப்பர் பாம்பு வாங்குங்கள், ஆன்டி.
தினமும் இடம் மாற்றுங்கள்.
ஒரே இடத்தில் கிடந்தால்
செத்த பாம்பென்று அதுகளுக்குத் தெரியும்."
பதினோரு நாள் பலித்தது.
பன்னிரண்டாம் நாள் மறந்தேன்.
பாம்பு கூரை மேல்,
ஒரு குட்டியின் தோளில் துண்டுபோல.
சிஹ்லே சிரித்த சிரிப்பில்
பல் விழுந்த இடமெல்லாம் தெரிந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஆலங்கட்டி.
ஏழு நிமிடம் இருக்கும்.
தக்காளி, அவரைப் பந்தல்,
அன்று காலைதான் பூத்த கத்தரி,
எல்லாம் கிழிந்த துணி.
தண்ணீர்த் தொட்டியின் மூடி இரண்டாக.
அளவு தப்பித் தோலை வெட்டிவிட்ட நாளில்
மேற்பார்வையாளர் முன் நிற்பேனே,
அப்படி நின்றேன்.

அவள் தூங்க வேண்டிய நேரம்.
ரப்பர் செருப்போடு சேற்றில் இறங்கி
கீழ்ப் பாத்திக்குப் போனாள்.
அமாதும்பே என்பாள் அவள்,
எங்கள் வாயில் அது மதும்பி,
சேப்பங்கிழங்கின் உறவு.
நட வைத்தவள் அவள்,
இடம் வீணென்று முனகியவள் நான்.
யானைக்காது இலைகள் நாராகத் தொங்கின.
இரண்டு விரலால் மண்ணைத் தோண்டி
கோலிக்குண்டு அளவில் ஒன்றைக் காட்டி
மறுபடி மூடினாள்.
"இது வெளியே நடந்ததைக் கேள்விப்படவே இல்லை.
ஏப்ரல் வரை விடு."

சிஹ்லே கட்டிகளைப் பொறுக்கி
வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்,
"உங்கள் ஊரில் ஜூலையில் மழை வருமா, ஆன்டி?"
வருமாம் என்றேன்.
நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை.
என் அப்பாவும் பார்த்ததில்லை.
"அப்புறம் எப்படி உங்கள் ஊர்?"
பதில் யோசிக்குமுன்
தொட்டி மூடியை ஒட்ட
பசை வாங்கி வர ஓடிவிட்டான்.

செருப்பு அளவு எழுதிய பழைய நோட்டின்
பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்:
இடி, அக்டோபர் ஒன்பது.
மூன்றாம் மழை, இருபத்திரண்டு.
கீரையைப் பிடுங்காதே.
பாம்பு, நாளைக்குக் கொய்யா மரம்.